குன்னூர் மலைப்பாதைக்கு ஆட்டோமேட்டிக் கியர் லாரி சரிப்படுமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று சரக்கு ஏற்றும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பா புதிதாகப் பத்துச் சக்கர லாரி ஒன்று வாங்கப்போகிறார். விற்பனையாளர் கிளட்ச் மிதியே இல்லாத ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை எடுக்கச் சொல்கிறார். வீட்டு வண்டியை நெடுநாளாக ஓட்டிவரும் ஓட்டுநரோ, "சமவெளிக்கு எடுங்க, மலைக்கு அது ஆகாது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

ஏற்றத்தைப் பொறுத்தவரை விற்பனையாளர் சொல்வது பெருமளவு சரி. இறக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் ஓட்டுநர் அஞ்சுவது சரி. ஆனால் அவர் அஞ்சுகிற இடம்தான் கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்று நினைக்கிறேன். நான் இந்தப் பாதையில் தேயிலை மூட்டை, உருளைக்கிழங்கு, சிமெண்ட் என்று 20 ஆண்டுகளுக்கு மேல் ஏற்றி இறக்கியவன். அதில் கடைசி ஆறு ஆண்டுகள் ஓட்டியது ஆட்டோமேட்டிக் வண்டி. இப்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு அருகில் உட்கார்ந்து வழிசொல்லும் வேலையைச் செய்கிறேன். ஆகவே எழுதுவது கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. நம் ஊரில் லாரிகளுக்கு வருவது பெரும்பாலும் ஏஎம்டி எனப்படும் வகை. இதில் உள்ளே இருப்பது நாம் பழகிய அதே பல்சக்கர கியர் பாக்ஸ், அதே கிளட்ச் தட்டு. கிளட்சை மிதிக்கும் காலும் கியரைத் தள்ளும் கையும் மட்டுமே மாறியிருக்கின்றன. அந்த வேலையைக் காற்றழுத்தத்தாலோ எண்ணெய் அழுத்தத்தாலோ இயங்கும் ஆக்சுவேட்டர்கள் செய்ய, எப்போது செய்வது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. ஸ்கானியா 1990களிலும் வோல்வோ 2001இலும் கொண்டுவந்து, இன்று ஐரோப்பாவின் நெடுந்தூர லாரிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். மற்றது டார்க் கன்வெர்ட்டர் உள்ள முழு ஆட்டோமேட்டிக். அதில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் சுழற்சி விசையைக் கடத்துகிறது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ஆலிசன் நிறுவனம் செய்வது இந்த வகை. சுரங்க டிப்பர்களிலும் தீயணைப்பு வண்டிகளிலும் நகரப் பேருந்துகளிலும் இதைப் பார்க்கலாம்; சரக்கு லாரியில் அரிது, விலையும் அதிகம். உங்கள் அப்பாவுக்குக் காட்டப்படுவது ஏஎம்டியாகத்தான் இருக்கும் என்பதால் அதையே மையமாக வைத்து எழுதுகிறேன்.

ஏற்றத்தில் அது தரும் சுகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. கல்லாறு தாண்டியதும் தொடங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு முறையாவது கியர் மாற்ற வேண்டும். நடுவே சுற்றுலாக் கார்கள் நிற்கிற இடங்களில் நின்று நின்று எடுப்பது தனிக்கணக்கு. கையால் கியர் போடும் பழைய வண்டியில் சீசன் மாதங்களில் ஒருநாள் ஏறி இறங்கினால், இரவு படுக்கும்போது இடது முழங்கால் தனியாகத் துடிக்கும். என்னோடு ஓட்டியவர்களில் 50 வயதைத் தாண்டியவர்கள் பலர் தொழிலைவிட்டு விலகியதற்குக் காரணம் கண்ணோ கையோ அல்ல, அந்த முழங்கால்தான். கிளட்ச் மிதி போனதும் அந்த வேதனை போயிற்று.

அதைவிடப் பெரிய ஆறுதல், ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் எடுப்பது. பழைய வண்டிகளில் இது மூன்று பேர் செய்யும் வேலை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்திருப்பவர் ஓட்டுநர்; கீழே குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர் கிளீனர்; பின்னால் மூக்கை ஒட்டி நிற்கிற காரைத் தள்ளிப்போகச் சொல்லிக் கையசைப்பவர், அந்த நேரத்தில் கடவுள் அனுப்பிவைக்கும் யாராவது ஒருவர். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. ஏப்ரல், மே மாதங்களில் மேலிருந்து இறங்கிவரும் கார்களுக்கு அந்த விதி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்த்தால் நாம்தான் ஏமாளி. ஏஎம்டி வண்டிகளில் ஏற்றத்தில் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்த பிறகும் ஓரிரு வினாடிகள் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி பின்வாங்காமல் நகரும். முழுப் பாரத்தோடு எட்டாவது வளைவில் நின்று, கட்டையே வைக்காமல் நான் முதன்முதலாக எடுத்த அன்று, கையில் கட்டையோடு பாதி கதவைத் திறந்துவிட்ட கிளீனர் பையன், "அண்ணே, நான் இறங்கவே இல்லையே!" என்று வியந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் ஏற்றத்திலும் அது தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் ஓட்டுநர் யாரிடமிருந்தாவது கேள்விப்பட்டு அஞ்சுவது அதைத்தான் என்று நினைக்கிறேன். கணினிக்குத் தெரிவதெல்லாம் இன்ஜின் வேகம், வண்டியின் வேகம், சாலையின் சாய்வு, ஆக்சிலரேட்டரில் நம் கால் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பவைதான். முன்னால் இருப்பது கொண்டை ஊசி வளைவு என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. வளைவுக்கு முன் நாம் காலைச் சற்றுத் தளர்த்தினால், பாரம் குறைந்துவிட்டது என்று அது எடுத்துக்கொண்டு ஒரு கியர் மேலே போகும். வளைவுக்குள் சக்கரத்தை ஒடித்துக்கொண்டு மீண்டும் அழுத்தினால், திடுக்கிட்டு இரண்டு கியர் கீழே வரும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கிளட்ச் பிரிந்து சேர்வதற்குள் இழுவிசை அறுந்துவிடுகிறது. எட்டு சதவீதச் சாய்வில் ஒரே ஒரு வினாடி விசை அறுந்தாலும் வண்டி மணிக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வேகத்தை இழக்கும். இது சாதாரணக் கணக்கு, எந்த வண்டிக்கும் பொருந்தும். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டரில் போகும்போது மூன்று போனால் தெரியாது. வளைவில் 12 கிலோமீட்டரில் ஏறுகிற லாரிக்கு அது கால் பங்கு. இப்படி இரண்டு முறை மாற்றினால் வண்டி வளைவின் நடுவிலேயே நின்றுவிடுவது போலத் தள்ளாடும். பயந்துபோன ஓட்டுநர் அதன்பின் வாழ்நாள் முழுவதும், "மலைக்கு ஆகாது" என்றுதான் சொல்வார். இந்த விசையறுதலைத் தவிர்க்கத்தான் வோல்வோ 2014இல் லாரிகளுக்கே இரட்டைக் கிளட்ச் அமைப்பைக் கொண்டுவந்தது. அது நம் பாதைக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வளைவுக்கு முப்பது மீட்டர் முன்பே நெம்புகோலை மேனுவல் நிலைக்குத் தள்ளி, தேவையான கியரில் பூட்டிவிட்டு, வளைவைக் கடந்ததும் திரும்ப விட்டுவிட்டால் போதும். பழகிய கைக்கு அரை வினாடி வேலை.

ஏற்றத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. முன்னால் வண்டிகள் ஊர்ந்து போகும்போது பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவைக்கும் பழக்கம், காரில் ஆட்டோமேட்டிக் பழகியவர்களுக்கு அதிகம். டார்க் கன்வெர்ட்டர் வண்டி இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதன் எண்ணெய்தான் சூடாகும். ஏஎம்டியில் தேய்வது கிளட்ச் தட்டு. மிதி இல்லாததால் கிளட்சே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். திரையில் சூடு எச்சரிக்கை வரும்போது கரிந்த வாடையும் சேர்ந்தே வந்திருக்கும்.

இனி இறக்கம். இதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன்.

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். இடைப்பட்ட தூரம் சாலையில் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். 18 டன் எடையுள்ள வண்டி இந்த 1,500 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 73 யூனிட் மின்சாரத்துக்குச் சமமாக வருகிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கினால், அவ்வளவு நேரமும் ஏறக்குறைய 80 குதிரைத் திறனை எதுவோ ஒன்று விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது ஒரு சிறிய காரின் இன்ஜின் முழு மூச்சில் தருகிற அத்தனையும். டயர்களின் உருளும் எதிர்ப்பு இதில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். தனித் தடுப்புக் கருவி பொருத்தாத வண்டியில் மீதியை விழுங்க இரண்டே வழிகள்தாம் உண்டு: சக்கரங்களில் உள்ள பிரேக் டிரம்கள், அல்லது இன்ஜின். டிரம்மிடம் விட்டால் அத்தனையும் சூடாக மாறி, டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங்கில் ஏறும். சூடேறிய டிரம் விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், மிதிக்க மிதிக்கக் காற்றும் செலவாகும். ஒரு கட்டத்தில் மிதி நன்றாகவே அழுந்தும், வண்டி மட்டும் நிற்காது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்று மறுநாள் செய்தியில் வருகிற விபத்துகளில் பல, பிரேக் பழுதானதால் நேர்ந்தவை அல்ல. நல்ல பிரேக்கைக் காய்ச்சியதால் நேர்ந்தவை.

இந்தக் கணக்கை நம் மலையில் முதலில் புரிந்துவைத்திருந்தவர்கள் ரயில்காரர்கள் என்று சொல்லலாம். 1899இல் குன்னூருக்கு வந்துசேர்ந்த நம் மலை ரயிலில், 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சாய்வு இருக்கிற அந்தப் பற்சட்டப் பாதையில், இன்ஜின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். தாங்குவது இன்ஜினின் வேலை என்ற அந்த எண்ணம்தான் லாரிக்கும் வேண்டும்.

லாரியில் இன்ஜின் தாங்க வேண்டுமானால் கியர் தாழ்ந்திருக்க வேண்டும். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவுக்குத்தான் அதன் தடுப்பும், புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தடுப்பும் வேலை செய்யும். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர், நாங்களெல்லாம் பெரியண்ணன் என்று அழைத்த மூத்த ஓட்டுநர், ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பாடமே எடுத்ததில்லை. அதையும் குன்னூரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்பார். கையால் கியர் போடும் வண்டியில் இறக்கத்தின் நடுவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வர முயன்று, கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. வேகம் ஏற ஏற எந்தக் கியரும் விழாது. பல் கரகரவென்று கத்தும். மிஞ்சியது பிரேக் மட்டும்தான். உங்கள் ஓட்டுநர் இதை ஒரு முறையாவது அனுபவித்திருப்பார்.

ஏஎம்டி வண்டி இந்த ஆபத்தை ஏறக்குறைய நீக்கிவிடுகிறது. பல்லின் வேகத்தைத் தானே அளந்து பொருத்திக் கியரைப் போடுவதால் நடுவில் மாட்டிக்கொள்வது மிக அரிது. இதுதான் அதன் மிகப் பெரிய நன்மை என்று சொல்வேன். விற்பனையாளர்கள் டீசல் மிச்சத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், இதைச் சொல்வதில்லை. ஆனால் ஓர் ஆபத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் இன்னொன்றை வைக்கிறது. அதை நான் காட்டேரி பூங்காவுக்குக் கீழே கற்றுக்கொண்டேன்.

அது அந்த வண்டியில் என் மூன்றாவது பயணம். தேயிலை மூட்டைகள், முழுப் பாரம், மெல்லிய மழை, கண்ணுக்கு முன் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. வண்டி தானாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பில் ஆட்டோ நிலையிலேயே விட்டிருந்தேன். எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சையும் போடவில்லை. ஒரு சரிவில் இன்ஜின் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது, பின் திடீரென்று அடங்கியது. பழகிய காதுக்கு அந்த அமைதி என்னவென்று உடனே புரிந்துவிடும்: கியர் மேலே போய்விட்டது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழல்வதைக் கண்ட கணினி, அதைக் காப்பாற்றுவதற்காக ஒரு கியர் ஏற்றிவிட்டது. தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது; அதற்குக் கொடுக்கப்பட்ட கடமை இன்ஜினைக் காப்பது, என்னைக் காப்பதல்ல. தடுப்பு பாதியானது, வண்டி முன்னால் பாய்ந்தது. நான் பிரேக்கை மிதித்து வேகத்தை அடக்கி, மேனுவலுக்குத் தள்ளிக் கியரைக் குறைக்கச் சொன்னேன். திரையில் கியர் எண் மாறாமல் அப்படியே நின்றது. அந்த வேகத்தில் கீழ்க் கியர் போட்டால் இன்ஜின் எல்லை தாண்டும் என்பதால் அது மறுத்துவிட்டது. மீண்டும் ஒரு முறை, இந்தத் தடவை நன்றாக அழுத்தி மிதித்து வேகத்தைப் பாதியாக்கிய பிறகுதான் கேட்டது. மொத்தமும் நடந்தது பத்து வினாடிகளுக்குள்.

பர்லியாரில் பழக்கடைகளுக்கு அருகே ஓரங்கட்டினேன். பின்சக்கரங்களிலிருந்து லைனிங் கரிந்த வாடை வந்தது. புறங்கையைச் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்ததுமே அனல் தெரிந்தது. தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்ட கடைக்காரரைத் தடுத்துவிட்டேன். காய்ந்த வார்ப்பிரும்பு டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். முக்கால் மணி நேரம் காற்றில் ஆறவிட்டுத்தான் கிளம்பினேன். அன்று தவறு வண்டியில் இல்லை. இறங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவை, இறங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எடுக்கட்டும் என்று விட்டது என் தவறு.

இதன் பிறகு நான் கைக்கொண்ட முறை, இப்போது கற்றுக்கொடுக்கிற முறையும் இதுதான்: சரிவு தொடங்குவதற்கு முன், சமதளத்திலேயே வேகத்தைக் குறைத்து, மேனுவல் நிலைக்கு மாற்றிக் கியரைப் பூட்டி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு இறங்குவது. சில வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டதுமே கணினி புரிந்துகொண்டு தானாகக் கியரைத் தாழ்த்தி இன்ஜினை வேகமாகச் சுழலவிடும். அது நல்ல அமைப்பு. சில வண்டிகளில் மேனுவல் நிலையிலும் இன்ஜின் எல்லை மீறினால் கேட்காமலே கியரை ஏற்றிவிடும். நீங்கள் வாங்கும் வண்டி எந்த ரகம் என்பதைக் கையேட்டில் படித்தோ கேட்டோ தெரிந்துகொள்ளாமல் மலையில் ஏற்றக் கூடாது. பூட்டிய கியரிலும் இரைச்சல் ஏறிக்கொண்டே போனால், பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே இருக்காமல், ஒரு முறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தை நன்கு குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும்.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்று, சாலையோரத்தில் நிற்கிற "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்ற அறிவிப்புப் பலகை. அந்தப் பலகை ஐந்து, ஆறு கியர் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பன்னிரண்டு கியர் உள்ள ஏஎம்டியில் இரண்டாவது கியர் என்பது மனிதர் நடக்கும் வேகம்; அதில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர ஒருநாள் ஆகும். கியர் விகிதங்களை ஒப்பிட்டால், ஆறு கியர் வண்டியின் இரண்டாவதுக்கு ஏறத்தாழ இணையாக வருவது பன்னிரண்டில் ஐந்தாவதோ ஆறாவதோதான். இதை அறியாத ஒரு புதிய ஓட்டுநர் பலகையைப் பார்த்து இரண்டைப் போட முயல, வண்டி மறுக்க, வண்டியில் கோளாறு என்று எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். எண்ணைப் பார்க்க வேண்டாம், இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள் என்றேன். இதே பாரத்தோடு ஏறும்போது அந்த இடத்தில் எந்த எண் இருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. பெரியண்ணனின் பாடம் அங்கேயும் பொருந்திவிடுகிறது.

நியூட்ரலில் இறக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டீசல் மிச்சம் என்று சொல்லி அதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாதிருக்க டீசல் குடிக்கும். உயிரைப் பணயம் வைத்து டீசலையும் வீணாக்குகிற வித்தை அது. வருத்தம் என்னவென்றால், சில புதிய ஏஎம்டிகளில் மெல்லிய சரிவுகளில் தானாகவே நியூட்ரலுக்குப் போய் உருளவிடும் வசதி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். சமவெளி நெடுஞ்சாலைக்கு அது நல்லதே. நம் பாதையில் அதை அணைத்துவைப்பதே முறை. பொதுவாக எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டாலோ மேனுவலுக்கு மாறினாலோ அது விலகிவிடும்.

வெளிநாட்டு ஓட்டுநர்களின் அனுபவத்தைக் காட்டி, அங்கே எல்லாரும் மாறிவிட்டார்கள், நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஆல்ப்ஸிலும் ராக்கி மலைகளிலும் இறங்குகிற லாரிகளில் பெரிய இன்ஜின் பிரேக்கும், பலவற்றில் ரிட்டார்டர் என்ற தனித் தடுப்புக் கருவியும் இருக்கும். சாலை அகலம், வளைவு விரிவு, கட்டுப்பாடு இழந்த வண்டி ஏறி நிற்பதற்கென்று தனிப் பாதைகளும் உண்டு. அப்படியிருந்தும் அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் லாரியை ஓட்டிக்காட்டி உரிமம் பெற்றவர், கையால் கியர் போடும் லாரியை ஓட்ட முடியாதபடி உரிமத்திலேயே தடை குறிக்கப்படுகிறது. கியரைக் கேட்டு உணர்வது தனித் திறமை என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். நம்மிடம் ஆட்டோமேட்டிக்கிலேயே தொடங்குகிற இளைஞர்களுக்கு இன்ஜின் இரைச்சலைக் கொண்டு கியரை அறியும் காது வருவதற்கு நெடுநாள் ஆகிறது. உங்கள் ஓட்டுநருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அவரைப் போல் தகுதியானவர் வேறு யாருமில்லை என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

சிறு சங்கடங்கள் சில உண்டு. வாங்குமுன் தெரிந்திருப்பது நல்லது. பழைய வண்டியைச் சரிவில் நிறுத்தும்போது முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். பல ஏஎம்டி வண்டிகளில் இன்ஜினை அணைத்தால் நியூட்ரல்தான். கியர் பிடித்து நிற்காது. பார்க்கிங் பிரேக்கையும் கட்டையையும்தான் நம்ப வேண்டும். ஆகவே கிளீனரின் கட்டைக்கு ஓய்வு கொடுத்துவிடாதீர்கள். முன்சக்கரங்களை மலைப்பக்கம் ஒடித்து நிறுத்தும் பழக்கத்தையும் விடாதீர்கள். தொழிற்சாலை முற்றங்களில் ஈரச் சரிவில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்கும் வேலையில், நல்ல ஓட்டுநரின் இடது காலுக்கு இணையாக ஏஎம்டி இன்னும் வரவில்லை. முன்னோக்கிலிருந்து ரிவர்ஸுக்கு மாற ஓரிரு வினாடி யோசிக்கும். பலாப்பழக் காலத்தில் பர்லியாருக்குக் கீழே சாலையில் யானை நின்றுகொண்டிருக்கும்போது அந்த இரண்டு வினாடி எவ்வளவு நீளமானது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பழுது பார்ப்பதும் வேறு விதம். பழைய கியர் பாக்ஸ் வழியில் நின்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் பைக்கில் ஏறிவந்து, ஸ்பேனரும் சாக்குத் துணியுமாக அடியில் படுத்துச் சரிசெய்துவிடுவார். ஏஎம்டி நின்றால், முதலில் காற்றழுத்தம் இருக்கிறதா, ஒயர் இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் மடிக்கணினியோடு ஆள் வர வேண்டும். இழுத்துச் செல்ல நேர்ந்தால், கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் எண்ணெய் சுற்றாமல் கியர் பாக்ஸ் உள்ளே தேய்ந்துவிடும். ஒருமுறை எங்கள் வண்டி ஒன்று ஆக்சுவேட்டர் கோளாறால் பாதி வழியில் நின்றபோது, சர்வீஸ் ஆள் வந்துசேர மறுநாள் பகல் ஆகிவிட்டது. ஏற்றியிருந்தது கேரட். எவ்வளவு தேறியது என்று கேட்காதீர்கள்.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பதல்ல என்பது என் முடிவு. இந்த வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது எது என்பதைக் கேளுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் மட்டுமா, வால்வுகளின் வழியாக அழுத்தத்தைப் பயன்படுத்தும் வலுவான இன்ஜின் பிரேக்கா, ரிட்டார்டர் கூடுதலாகக் கிடைக்குமா, அவை கியர் பாக்ஸ் கணினியோடு இணைந்து வேலை செய்கின்றனவா? வலுவான இன்ஜின் பிரேக்கோடு வரும் ஏஎம்டியை, வெறும் எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள மேனுவலைவிட நான் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பேன். வெறும் எக்ஸாஸ்ட் பிரேக்தான் இரண்டிலும் என்றால், உங்கள் ஓட்டுநரின் பேச்சைக் கேட்டு மேனுவலையே எடுத்தாலும் குறை சொல்ல மாட்டேன். மிச்சமாகும் பணத்தில் லைனிங் அடிக்கடி மாற்றலாம்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மாதிரி வண்டியைக் காலியாக அவிநாசி சாலையில் ஓட்டிக்காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் சரக்கை முழுப் பாரத்துக்கு ஏற்றி, உங்கள் ஓட்டுநரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, குன்னூரிலிருந்து பர்லியார் வரை மேனுவல் நிலையில் இறக்கச் சொல்லுங்கள். அங்கே நிறுத்தி, ஆறு சக்கரமோ பத்துச் சக்கரமோ, ஒவ்வொன்றின் அருகிலும் அவருடைய புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடு எவ்வளவு என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்பா முடிவு செய்யட்டும்.